ஊட்டியில் ஒரு சனிக்கிழமை மதியம்: கல் பங்களாவிலிருந்து சேரிங் கிராஸ் வரை நடை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொட்டபெட்டா, பைக்காரா, படகு இல்லம் என்று ஒரே நாளில் எட்டு இடம் சுற்றும் திட்டம் இந்தப் பக்கத்தில் கிடைக்காது. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்திலிருந்து காலையில் ஏறி, மதியம் 'காலேஜ் ஊர்' என்று நாங்கள் சொல்லும் ஊட்டியின் பழைய பகுதியில் நிதானமாக நடந்து, இரவுக்குள் வீடு திரும்ப நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவை மட்டும் இங்கே.

ஊட்டியைப் போய் யாராவது காலேஜ் ஊர் என்பார்களா?

ஊரே இன்றைக்குக் காலேஜாக இருக்கும் ஒரு வீட்டிலிருந்துதான் தொடங்கியது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்து முதலில் கோத்தகிரிப் பக்கம் தங்கினார். பிறகு தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கி, 1822-இல் ஊட்டியில் கல்லால் வீடு கட்டத் தொடங்கினார். மலைமக்கள் அதைக் கல் பங்களா என்றார்கள். ஆங்கிலத்தில் ஸ்டோன் ஹவுஸ். சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகராக ஊட்டி ஆனபோது அந்த மேடு அரசு அலுவலகங்களுக்குப் போனது. 1955-இல் அங்கே அரசு கலைக் கல்லூரி வந்தது. உள்ளூரில் 'ஆர்ட்ஸ் காலேஜ்' என்றால் போதும்.

சுற்றிலும் பார்த்தாலும் படிப்புக்கான ஊர்தான். லவ்டேலில் 1858-இல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி இருக்கிறது. நகருக்குள் நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் நினைவாக எழுந்த பிரீக்ஸ் பள்ளி. பார்மசி கல்லூரிக்காகக் கேரளாவிலிருந்தும் வடக்கிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். சுற்றுலாப் பயணி பார்ப்பது கார்டன் ரோட்டையும் படகு இல்லத்தையும் மட்டுமே என்பதால் இந்த முகம் கண்ணில் படுவதில்லை.

ஒரு மதியம் போதுமா? எதை விட வேண்டியிருக்கும்?

நாலே நாலு நிறுத்தம் என்றால் தாராளமாகப் போதும்: ஆர்ட்ஸ் காலேஜ், ஸ்டீபன் சர்ச், நீலகிரி நூலகம், சேரிங் கிராஸ் சந்திப்பு. 1 மணிக்குத் தொடங்கினால் 5 மணிக்குள் டீயும் குடித்து முடிக்கலாம்.

இதோடு தொட்டபெட்டாவைச் சேர்த்தால் கெட்டது. தூரம் பத்து கிலோமீட்டர்தான், ஆனால் சனிக்கிழமை அந்தச் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். போதாக்குறைக்கு, மதியத்துக்கு மேல் 2,637 மீட்டர் உயரத்தில் மேகம் மூடிவிட்டால் பக்கத்தில் நிற்பவர் முகம்தான் 'வியூ'. பைக்காரா போய்வர அரை நாள் ஓடிவிடும். இரண்டையும் இன்னொரு நாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சனியா, ஞாயிறா?

சனி. ஞாயிறு காலை சர்ச்சில் ஆராதனை இருக்கும். அது முடிந்து கூட்டம் கலையும்வரை உள்ளே நின்று நிதானமாகப் பார்க்க முடியாது. ஞாயிறு மாலை இறங்கும் வண்டிகளின் வரிசை பர்லியாறு தாண்டியும் நீளும். சனியன்று ஒரு குறை உண்டு: அரசு அலுவலகம் எல்லாம் விடுமுறை, கல்லூரியிலும் வகுப்பு இல்லாமல் போகலாம். கட்டடத்தை வெளியிலிருந்து பார்க்க வந்தவருக்கு அது நல்லதே. மாணவர் நடமாட்டத்தோடு பார்க்க விரும்பினால் வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வரவேண்டியதுதான்.

மே மாதத்தில் மலர்க் கண்காட்சி நடக்கும் வாரங்களை அடியோடு தவிர்த்துவிடுங்கள். நிதானமான நடை என்ற பேச்சுக்கே அப்போது இடமில்லை.

பஸ், ரயில், கார்: எதில் வருவது?

அரைநாள் பயணத்துக்கு பஸ்தான் எங்கள் முதல் தேர்வு. கோவையில் மேட்டுப்பாளையம் ரோட்டிலுள்ள பேருந்து நிலையத்திலிருந்து ஊட்டி பஸ்கள் கிளம்புகின்றன. சாதாரண நாளில் மூன்றரை மணி நேரம். சனிக்கிழமை நாலு என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 மணி பஸ்ஸைப் பிடித்தால் 11 மணிக்கு ஊட்டி. பார்க்கிங் கவலை கிடையாது, இ-பாஸ் கேட்க மாட்டார்கள், இறங்கும்போது தூங்கலாம்.

மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறுக்கு மேல் 14 கொண்டை ஊசி வளைவுகள். தலைசுற்றல் உள்ளவர்கள் பின்சீட்டில் உட்காரவே கூடாது. பின் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பகுதிதான் ஒவ்வொரு திருப்பத்திலும் அதிகம் வீசும். முன்பாதியில், வெளியே பார்க்கும்படி உட்காருங்கள். போனைக் குனிந்து பார்ப்பதுதான் வாந்திக்குப் பாதிக் காரணம். பரோட்டா சால்னாவோடு ஏறுவதும் தப்பு, வெறும் வயிற்றோடு ஏறுவதும் தப்பு. ரெண்டு இட்லி போதும்.

மலை ரயில் வேறு கணக்கு. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும் வண்டி, 46 கிலோமீட்டரைக் கடந்து ஊட்டி சேர நண்பகலாகிவிடும். கல்லாறிலிருந்து குன்னூர்வரை 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். சாதாரண சக்கரம் வழுக்கும் என்பதால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் தண்டவாளம் போட்டு, இன்ஜின் தன் பல்சக்கரத்தை அதில் கோத்து, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. வேகம் வராததற்குக் காரணம் அதுதான். 1899-இல் குன்னூர்வரையும் 1908-இல் ஊட்டிவரையும் வந்த பாதை. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இடம் வேண்டுமானால் முன்பதிவு திறந்த அன்றே உட்கார வேண்டும். அப்படி வந்தாலும், மேட்டுப்பாளையத்துக்குத் திரும்பும் வண்டி ஊட்டியில் பிற்பகல் 2 மணிக்கே கிளம்பிவிடும். அதைப் பிடித்தால் மதியம் போச்சு. ஆகவே ஏற ரயில், இறங்க பஸ். ஐப்பசி, கார்த்திகை மழையில் கல்லாறு–குன்னூர் இடையே மண்சரிந்து வண்டி ரத்தாவது வழக்கம். அந்த மாதங்களில் ரயிலை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இடைவழி ஒன்று உண்டு. குன்னூர்வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து ஊட்டிக்கு டீசல் இன்ஜின் இழுக்கும் ரயிலில் ஏறுவது. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக வரும். நேரத்தை அன்றன்று பார்த்துக்கொள்ளுங்கள், மாறும்.

இ-பாஸ் எடுத்தாக வேண்டுமா?

சொந்தக் காரோ, பைக்கோ, வாடகை வண்டியோ, வெளி மாவட்டத்திலிருந்து வந்தால் ஆமாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. கட்டணம் இல்லை. அரசின் இ-பாஸ் தளத்தில் செல்போன் எண், வண்டி எண், எத்தனை பேர், எந்த நாள் வந்து எந்த நாள் திரும்புகிறீர்கள் என்று பதிவு செய்தால் க்யூஆர் குறியீடு வரும். சோதனைச் சாவடியில் அதைக் காட்ட வேண்டும். அரசு பஸ்ஸுக்கும் நீலகிரிப் பதிவெண் வண்டிக்கும் தேவையில்லை.

தவறு நடப்பது இரண்டு இடத்தில். ஒன்று, கல்லாறு வந்து போனை எடுப்பது. அங்கே வரிசையில் நின்றுகொண்டு ஓடிபி வருமா என்று பார்ப்பது சங்கடம். இரண்டு, சீசனில் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதை மறப்பது. 2025 கோடையில் வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று நிறுத்தினார்கள். வெள்ளி இரவுவரை தள்ளிப்போடாமல் வாரத்தின் நடுவிலேயே எடுத்துவிடுங்கள்.

காரை எங்கே நிறுத்துவது?

பேருந்து நிலையம், ரயில் நிலையம் பக்கத்துச் சமதளத்தில் கட்டண நிறுத்தம் கிடைத்தால் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். ஊட்டியில் இவ்வளவு பெரிய சமதளம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பழைய ஏரியிலிருந்து. சல்லிவன் வெட்டிய ஏரி ஒருகாலத்தில் இன்றைய பேருந்து நிலையம், குதிரைப் பந்தய மைதானம்வரை பரந்திருந்தது. தூர்த்துத் தூர்த்துச் சுருங்கியதுதான் இப்போது படகு விடும் பகுதி.

கமர்ஷியல் ரோட்டிலும் சர்ச் வாசலிலும் இடம் தேடி வட்டமடிப்பது அரை மணி நேரத்தை அப்படியே விழுங்கும்.

எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?

மேட்டில் தொடங்குங்கள். சாப்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டிலேயே ஆட்டோ பிடித்து, "அண்ணா, ஆர்ட்ஸ் காலேஜ் கேட்ல விடுங்க" என்றால் போதும். பெரிய ஏற்றம் ஆட்டோவோடு முடிந்துவிடும். பிறகு ஸ்டீபன் சர்ச், அடுத்து நூலகம், கடைசியில் சேரிங் கிராஸ் என்று பெரும்பாலும் இறக்கமாகவே நடக்கலாம். நடுவில் சிறு சிறு ஏற்றம் வரும்.

போனிலுள்ள வரைபடம் இங்கே ஏமாற்றும். அது தூரத்தைச் சொல்லும், ஏற்றத்தைச் சொல்லாது. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். சமவெளியிலிருந்து அன்று காலைதான் வந்தவருக்கு ஐந்து நிமிட ஏற்றமே மூச்சு வாங்கும். வரைபடம் பத்து நிமிடம் என்றால் பதினைந்து என்று வைத்துக்கொண்டு மெதுவாக நடங்கள். படிக்கட்டுக் குறுக்குவழிகள் நிறைய உண்டு. மழை பெய்த நாளில் பாசி வழுக்கும், அன்று தார்ச்சாலையே நல்லது.

கல் பங்களாவில் பார்க்க என்ன இருக்கிறது? உள்ளே விடுவார்களா?

அரண்மனையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். உயரம் குறைந்த, கனத்த சுவர் கொண்ட பழைய வீடு. இருநூறு ஆண்டுகளில் பலமுறை கைவைக்கப்பட்டது. கல்லூரி முதல்வரின் அலுவலகமாகப் பயன்படுவதால் அறைகளுக்குள் உலாவ வழியில்லை. வாயிற்காவலரிடம் விவரம் சொல்லி, அனுமதித்தால் வளாகத்தில் நடந்து முகப்பைப் பார்க்கலாம். தேர்வு நாள் என்றால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

வீட்டுக்கு முன்னால் நிற்கும் ஓக் மரத்தைத் தவறவிடாதீர்கள். சல்லிவன் ஓக் என்றே பெயர். ஓக், உருளைக்கிழங்கு, ஐரோப்பியக் காய்கறி எல்லாம் இந்த மலைக்கு வந்த கதை இந்த மேட்டிலும் கோத்தகிரியிலும்தான் ஆரம்பம். மார்க்கெட்டில் கேரட்டும் பீட்ரூட்டும் மூட்டை மூட்டையாகக் குவிவதற்கும் இந்த வீட்டுக்கும் நேர்த் தொடர்பு உண்டு.

இந்தக் கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் பாடமாகவே இருக்கிறது. ஒரு பக்கம் முதுமலை, இன்னொரு பக்கம் முக்குருத்தி தேசியப் பூங்கா. இதைவிடப் பொருத்தமான வகுப்பறை தமிழ்நாட்டில் கிடைக்காது.

ஸ்டீபன் சர்ச்சில் எதைக் கவனிக்க வேண்டும்?

மஞ்சள் பூசிய முகப்பின் முன் செல்ஃபி எடுத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்புபவர்களே அதிகம். அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

1829-இல் அடிக்கல் நாட்டி, 1830-இல் பிரதிஷ்டை செய்து, 1831 ஈஸ்டரன்று மக்களுக்குத் திறந்த ஆலயம். உள்ளே போனதும் தலையை நிமிர்த்துங்கள். கூரையைத் தாங்கும் பெரிய மர உத்தரங்கள் இந்த மலையில் வெட்டியவை இல்லை. திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டினத்து மாளிகையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. 1799-இல் தோற்றவனின் அரண்மனை மரம், வென்றவர்களின் கோயில் கூரையில். அதை எந்த வழியாக, எத்தனை பேர் தோளில் மேலே ஏற்றினார்கள் என்று யோசித்துப் பார்த்தால் சலவைக்கல் பலகைகளைவிட அந்த மரமே அதிகம் பேசும். வண்ணக் கண்ணாடி சன்னல்களுக்கு வெயில் வேண்டும். அதனால் சர்ச்சுக்கு 3 மணிக்கு முன்பே போய்விடுங்கள். மேகம் கவிந்துவிட்டால் வண்ணம் செத்துவிடும்.

பின்னால் சரிவில் படிப்படியாக ஏறும் கல்லறைத் தோட்டம். சல்லிவனின் மனைவி ஹென்ரியட்டாவும் ஒரு மகளும் இங்கேதான் அடங்கியிருக்கிறார்கள். எழுத்து தேய்ந்த கற்களில் வயதை மட்டும் படித்துக்கொண்டே போனால், குழந்தைகளும் இருபது வயதுக்காரர்களும் எத்தனை பேர் என்று தெரியும். உடம்பு தேறுவதற்காக மலைக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் தேறவில்லை. ஈரப்புல்லில் தட்டைச் செருப்பு சறுக்கும், கற்களின்மேல் ஏறி உட்காராதீர்கள். திருமணமோ ஜெபமோ நடந்தால் வெளியே காத்திருங்கள்.

நீலகிரி நூலகத்துக்குள் போகலாமா?

உறுப்பினர்களுக்கான நூலகம் அது. வாசலில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றாலும் வெளியிலிருந்து பார்க்கவே தகும். நூலகம் 1859-இல் தொடங்கியது, கட்டடம் 1860-களின் இறுதியில் எழுந்தது. வரைந்தவர் ராபர்ட் சிஷோம். மெரினா எதிரே செனட் ஹவுஸைப் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். லவ்டேல் பள்ளிக் கட்டடமும் அவர் கைவண்ணம்தான். சென்னையில் இஸ்லாமியப் பாணியைக் கலந்து விளையாடிய அதே ஆள், இங்கே கூரான வளைவு சன்னல் வைத்த கோதிக் பாணியோடு அடக்கமாக நிறுத்திக்கொண்டார். குளிருக்கும் குறைந்த வெளிச்சத்துக்கும் அந்தப் பெரிய சன்னல்தான் சரி.

ஸ்னூக்கர் பிறந்த கிளப்பையும் பார்க்கலாமா?

முடியாது. ஊட்டி கிளப் உறுப்பினர்களுக்கும் அவர்கள் விருந்தினர்களுக்கும் மட்டும். ஆட்டம் பிறந்தது ஜபல்பூரில். அதன் விதிகள் எழுதி மாட்டப்பட்டதுதான் ஊட்டியில். கைடு சொல்வதைக் கொஞ்சம் கழித்துக் கேளுங்கள்.

எங்கே, என்ன சாப்பிடுவது? வர்க்கி நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மதியச் சாப்பாட்டை 12 மணிக்கே முடித்துவிடுங்கள். 1 மணிக்கு மேல் கமர்ஷியல் ரோட்டு ஓட்டல்களில் சாப்பிடுபவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று இடம் பிடிக்க வேண்டியிருக்கும். மார்க்கெட் பக்கமும் பஜார் பக்கமும் உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் மெஸ்கள் உண்டு, விலையும் குறைவு.

வர்க்கி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. மைதாவை மடித்து மடித்து அடுக்கி, விறகு அடுப்பில் சுட்டெடுக்கும் பண்டம். பிஸ்கட்டும் அல்ல, பப்ஸும் அல்ல. நல்ல வர்க்கியை இரண்டு விரலால் அழுத்தினால் சத்தத்தோடு நொறுங்கும், உள்ளே அடுக்கு அடுக்காகப் பிரிந்திருப்பது தெரியும், அடுக்குகளுக்கு இடையே காற்றுப்பை இருக்கும். நடுவில் மாவுக்கட்டி போல் இறுகியிருந்தால் சரியாக வேகவில்லை. வாயின் மேலண்ணத்தில் மெழுகு போல் ஒட்டினால் மட்டமான டால்டா. டீயில் முக்கினால் ஓரம் மட்டும் ஊற வேண்டும், மொத்தமும் கரைந்து விழக்கூடாது.

வீட்டுக்கு வாங்குவது என்றால் கடைசியில், பஸ் ஏறுமுன் வாங்குங்கள். மழைநாளில் காகிதப் பையில் மதியம் முழுக்கத் தூக்கிச் சுற்றினால் நமத்துப்போகும். நமத்தது கிடைத்துவிட்டால் எறிய வேண்டாம். தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் சிறுதீயில் இரண்டு நிமிடம் வைத்து, ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும். சூட்டோடு மூடினால் மறுபடி நமத்துவிடும்.

டீ பற்றி ஒரு சின்ன விஷயம். இந்த உயரத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட 92–93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் டீத்தூளைக் கொஞ்சம் அதிக நேரம் கொதிக்கவிட்டால்தான் சாறு இறங்கும், கையில் வாங்கியதும் ஆறியும் போகும். பராக்குப் பார்க்காமல் குடித்துவிடுங்கள்.

தோடர் பூவேலைச் சால்வை வாங்கலாமா? அசல் எது?

வாங்கலாம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்பும் நூல். கோடு வரைந்து அதன்மேல் தைப்பதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசி போகிறது. அசலைக் கையில் வாங்கிப் பார்த்தால் முரட்டுப் பக்கத்தில் சின்னச் சின்ன நூல் வளையங்கள் தூக்கி நிற்கும். அதைப் பின்பக்கம் என்று நினைக்கக் கூடாது, தோடர்கள் வெளியே தெரியும்படி போர்த்துவது அதைத்தான். துணி இழுபடும்போது நூல் சுருக்கம் விழாமல் இருக்க அந்த வளையம் உதவுகிறது. தொட்டுப் பார்த்து வழவழப்பாக, ஒரே சீராக இருந்தால் மெஷின் வேலை அல்லது அச்சு. ஒரு முழுச் சால்வைக்கு வாரக்கணக்கில் உழைப்பு. சில நூறு ரூபாய்க்கு அசல் சால்வை கிடைக்காது. பட்ஜெட் குறைவென்றால் சின்னப் பர்ஸ், மேசை விரிப்பு எடுங்கள்.

தாவரவியல் பூங்காவையும் சேர்த்துக்கொள்ளலாமா?

சேரிங் கிராஸிலிருந்து கார்டன் ரோட்டில் நடந்தால் வந்துவிடும்; ஆனால் 22 ஹெக்டேர் பூங்காவை ஒரு மணி நேரத்தில் ஓடிப் பார்ப்பது பூங்காவுக்கும் நடைக்கும் கேடு. 1848-இல் தோட்டக்கலை வல்லுநர் மெக்ஐவர் உருவாக்கத் தொடங்கியது. நேரம் மிஞ்சினால் கீழ்ப்புல்வெளியையும் 2 கோடி ஆண்டுப் பழமை சொல்லப்படும் கல்மரத்தையும் மட்டும் பார்த்துத் திரும்புங்கள். கால் ஓய்ந்தவர்கள் சேரிங் கிராஸில் ஆடம் நீரூற்று அருகே நின்றுகொள்ளலாம். ஊட்டியிலேயே 1881-இல் இறந்த சென்னை ஆளுநர் வில்லியம் பேட்ரிக் ஆடமின் நினைவாக 1886-இல் எழுந்தது அது.

லவ்டேல் பள்ளி, ரேடியோ டெலஸ்கோப் இரண்டையும் பார்க்க ஆசை. நடக்குமா?

லாரன்ஸ் பள்ளி மாணவர்கள் தங்கிப் படிக்கும் வளாகம். சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்திருப்பதில்லை. 1857-இல் லக்னோவில் இறந்த ஹென்றி லாரன்ஸ் பெயரில், படைவீரர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. வாசலில் நின்று கெஞ்சுவதைவிட, குன்னூர் ரயிலில் வரும்போது லவ்டேல் நிலையத்தைப் பார்த்துக்கொள்வது மேல். சின்னஞ்சிறு நிலையம், அழகு.

முத்தோரையிலுள்ள ரேடியோ தொலைநோக்கிக்கு முன் அனுமதி வேண்டும். 1970-இல் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் அமைத்தது; 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதை ஏன் ஊட்டியில் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதற்கு விடை அந்த மலைச்சரிவுதான். சரிவு ஏறத்தாழ 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் அதே 11 டிகிரி. ஆகவே தென்வடலாகச் சரிவில் கிடத்திய கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. கிழக்கிலிருந்து மேற்காக ஒரே அச்சில் உருட்டினாலே ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். பாலாடா பக்கம் போகும் சாலையிலிருந்தே தூரத்தில் தெரியும்.

எந்த மாதம்? என்ன உடுத்துவது?

செப்டம்பர் கடைசியும் ஜனவரி, பிப்ரவரியும் எங்கள் தேர்வு. ஜனவரியில் மதியம் இதமான வெயில். 5 மணிக்கு மேல் குளிர் சட்டென்று இறங்கும், தலைக்குந்தா பக்கம் விடியலில் உறைபனிகூட விழும். ஜூன் முதல் ஆகஸ்ட்வரை தென்மேற்குப் பருவமழை. ஏப்ரல், மேயில் காலை பளிச்சென்று இருந்து, 3 மணிக்கு இடியோடு கோடை மழை கொட்டுவது சகஜம்.

ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட, சட்டை மேல் மெல்லிய ஸ்வெட்டர், அதன்மேல் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் என்று அடுக்காக உடுத்துவது நடைக்கு வசதி. ஏறும்போது வேர்க்கும், நின்றதும் நடுங்கும். குளிர்கிறதே என்று வெயிலை அசட்டை செய்யாதீர்கள், இந்த உயரத்தில் தோல் சீக்கிரம் கறுக்கும், உதடு வெடிக்கும். மறந்து வந்தவர்களுக்குப் பூங்கா அருகே திபெத்தியர் மார்க்கெட் இருக்கிறது.

வயதான அப்பா அம்மாவை அழைத்து வரலாமா?

மூட்டுவலி இருந்தால் கல்லறைத் தோட்டச் சரிவை விட்டுவிட்டு சர்ச் உள்ளேயே உட்காரச் சொல்லுங்கள். நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆட்டோ. இறக்கம்தானே என்று நடக்க வைக்காதீர்கள், முட்டிக்கு ஏற்றத்தைவிட இறக்கமே பகை. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரும் மாத்திரையும் கைப்பையில் வைத்திருக்கட்டும், கார் டிக்கியில் அல்ல.

தண்ணீர், கழிப்பறை?

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு நீலகிரியில் தடை. தண்ணீர் பாட்டில் பாக்கெட்டோடு வந்தால் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள்; ஊருக்குள்ளும் வழியிலும் குடிநீர் ஏடிஎம்கள் இருக்கின்றன, சில்லறை நாணயம் வைத்திருங்கள். கழிப்பறைக்குச் சாப்பிட்ட ஓட்டலையே பயன்படுத்திக்கொண்டு கிளம்புங்கள். மேட்டில் தேடினால் கிடைக்காது.

குரங்கு, காட்டுமாடு தொல்லை உண்டா?

பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டால் குரங்கு பறிக்கும். பையை மூடி வையுங்கள், பறித்துவிட்டால் விட்டுவிடுங்கள், இழுபறி வேண்டாம். காட்டுமாடு குன்னூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் அதிகம், ஊட்டி ஓரங்களிலும் வரும். மாடு போலச் சாதுவாக மேயும், ஆனால் திரும்பிப் பாய்ந்தால் தப்ப முடியாது. படம் பிடிக்க இறங்காதீர்கள்.

எத்தனை மணிக்கு இறங்கத் தொடங்குவது?

காரில் வந்தவர்கள் 5 மணிக்கு. வெளிச்சம் இருக்கும்போதே வளைவுகளைக் கடந்துவிடலாம். சீசனில் ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்குவார்கள். தூரம் கூடும், நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். மைசூர்ப் பக்கம் திரும்புபவர்களுக்கு வரைபடம் கல்லட்டி வழியைக் காட்டும்; அந்த 36 வளைவுச் சாலையில் வெளியூர் வண்டிகள் இறங்க அனுமதி இல்லை, கூடலூர் வழிதான்.

இறங்கும்போது ஏறிய அதே கியர், பெரும்பாலும் இரண்டாவது. ஆட்டோமேட்டிக் வண்டியில் எல் அல்லது மேனுவல் நிலை. நியூட்ரலில் விட்டால் எண்ணெய் மிச்சமாகும் என்பது தப்புக் கணக்கு. மொத்தப் பாரமும் பிரேக்கில் விழுந்து, சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. கருகல் வாசம் வந்தாலோ பெடல் மெத்தென்று உள்ளே போனாலோ ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிப்போகும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள், அது நின்றால் மறுபடி கிளம்புவது கஷ்டம். மூடுபனியில் ஹைபீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும்; லோபீம், இடது ஓர வெள்ளைக்கோடு, இருபது கிலோமீட்டர் வேகம். முன்னால் அரசு பஸ் போனால் முந்தாமல் அதன் பின்னாலேயே போய்விடுங்கள், அந்த ஓட்டுநருக்கு வளைவெல்லாம் மனப்பாடம்.